பிடித்த புத்தகமும் போய்வந்த வழியும்

தான் பெற்றதை அடுத்தவரும் பெறட்டும் என்று வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்தெடுத்த மொழி தமிழ். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வறுமையோடு வரும் பாணனை நிறுத்தி, தான் போன ஊரையும் போன வழியையும் அங்கே கிடைத்ததையும் சொல்கிறான். அதுதான் ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் உள்ள ஆற்றுப்படைகளில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை மரக்காணக் கடற்கரை வழியாகப் போகிறது. நல்லூர் நத்தத்தனார் பாடிய 269 அடிகள் கொண்ட அந்தப் பாட்டு, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் போகச் சொல்கிறது. அவனுடைய கிடங்கில் என்ற ஊர் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. வழியில் முதலில் எதிர்ப்படும் எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்காணம் என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள்.

இன்று வாசகர்கள் இணையத்தில் ஒருவருக்கொருவர் செய்துகொள்வதும் இதே வேலைதான். பிடித்த பத்துப் புத்தகங்கள், பாதியில் மூடி வைத்தவை, எரிச்சலூட்டும் அச்சுப் பிழைகள், படிக்கும் நேரம், படிக்கும் இடம், இரவல் போய்த் திரும்பாத பிரதி என்று நாள்தோறும் எழுதப்படுகிறது. இதைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. இலக்கியத்தை வாசகர்களே கையில் எடுத்துக்கொண்டார்கள், இனி விமர்சகர் தேவையில்லை என்கிறார்கள் சிலர். இதெல்லாம் அரட்டை, மதிப்பீடு என்று எதுவும் இதில் கிடையாது என்கிறார்கள் வேறு சிலர். இரு தரப்பும் பகிரப்படுவதை உட்கார்ந்து படித்துவிட்டுப் பேசுவதாகத் தெரியவில்லை. எதைக் கொண்டு இதை அளப்பது என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைக்கு உரிய அளவுகோல் இங்கே பொருந்தாது. வழி சொல்கிறவரை வழி சொல்வதற்கு உரிய அளவுகோலால்தான் அளக்க வேண்டும். அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

சிறுபாணாற்றுப்படையில் வழி சொல்பவன் தன் பழைய பசியை மறைப்பதில்லை. அவன் வீட்டு அடுக்களையில் நாய் குட்டி போட்டிருக்கிறது. கண் திறவாத குட்டிகள் பாலில்லாத மடியை முட்டுகின்றன. சுவரைக் கறையான் அரித்திருக்கிறது. பசியால் மெலிந்த மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேக வைக்கிறாள். ஊரார் பார்த்துப் பழிப்பார்களே என்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு அதைச் சாப்பிடுகிறார்கள். இப்படி இருந்த நாங்கள்தான் இன்று யானையோடும் தேரோடும் அங்கிருந்து வருகிறோம் என்கிறான். அதன் பிறகு வழி வருகிறது. எயிற்பட்டினத்தில் தாழையும் புன்னையும் நிற்கும் கானல், அலை கொண்டு வந்து ஒதுக்கிய வாச மரக்கட்டைகளை எரித்து மூட்டிய தீ, நுளையர் மகள் வடித்த தேறல், பரதவர் தரும் சுட்ட குழல்மீன். அடுத்து வேலூரில் புளி சேர்த்துச் சமைத்த சூடான சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் வெண்சோறும் நண்டும். கடைசியில் அரண்மனை.

தன் நிலை, வழி, கிடைத்தது ஆகிய மூன்றும் இதில் இருக்கின்றன. கேட்பவன் இவற்றைத் தன் நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்துப் போகலாம், போகாமலும் இருக்கலாம். வழி சொல்பவன் நம்பத் தகுந்தவனா என்பதும் இவற்றிலிருந்தே தெரிந்துவிடும். குழல்மீனைச் சுட்டுத் தந்தார்கள் என்று சொல்ல ஒருவன் அந்தக் கரையில் நடந்திருக்க வேண்டும்.

இந்த வகைக்கு ஒரு பெரிய குறையும் உண்டு. அதைச் சொல்லாமல் அளவுகோலாக எடுத்துக்கொள்வது நேர்மையாகாது. இது புரவலனைப் புகழ்வதற்காகவும் பாடப்பட்ட பாட்டு. வஞ்சியும் மதுரையும் உறந்தையும் கூட இவன் கொடைக்கு முன் சிறியவை என்கிறது. பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி ஆகிய எழுவரும் சேர்ந்து சுமந்த கொடை நுகத்தை நல்லியக்கோடன் தனியாகச் சுமக்கிறான் என்கிறது. சேர சோழ பாண்டியரை விடவும், கடையெழு வள்ளல்களை விடவும் ஒரு சிற்றரசன் உயர்ந்தவன் என்ற இந்தக் கூற்றைப் படிக்கும் எவரும் உண்மை என்று எடுத்துக்கொள்ளப் போவதில்லை. தமிழின் ஆகச் சிறந்த நாவல் இதுதான் என்று நண்பரின் புத்தகத்தைப் பற்றி வாரம் ஒருமுறை எழுதப்படும் குறிப்புகளின் மூதாதை இங்கேதான் இருக்கிறது. ஆனால் பாட்டை இன்றும் படிக்க வைப்பது அந்தப் புகழ்ச்சியா? உப்பில்லாக் கீரையும் சுட்ட மீனும் இல்லாவிட்டால் நல்லியக்கோடன் வரலாற்று ஆசிரியர்களின் அடிக்குறிப்பாக மட்டும் எஞ்சியிருப்பான். எனவே அளவுகோலில் ஒரு திருத்தம் வேண்டும். ஒப்பீட்டுப் புகழ்ச்சியைக் கழித்துவிட்டு மீதி என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பிடித்த புத்தகப் பட்டியல்களுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் மிஞ்சுவது குறைவு. 2014இல், மனதில் தங்கிவிட்ட பத்துப் புத்தகங்களைச் சொல்லி நண்பர்களையும் சொல்ல அழைக்கும் சங்கிலி ஒன்று முகநூலில் உலகெங்கும் ஓடியது. முகநூல் நிறுவனத்தின் தரவு ஆய்வாளர்கள் 1,30,000க்கும் மேற்பட்ட பதிவுகளை எடுத்து எண்ணினார்கள். முதலிடம் ஹாரி பாட்டர் வரிசைக்கு. அடுத்தது ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்', அதற்கடுத்தது டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'. ஹார்ப்பர் லீயின் நாவல் அமெரிக்கப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் பாடமாக இருந்து வருவது. சொன்னவர்களின் சராசரி வயது 37. அந்த வயதில் ஒருவர் மனதில் தங்கியிருப்பவை பெரும்பாலும் அவர் பள்ளியிலோ இளமையிலோ படித்தவை என்றுதான் அந்தக் கணக்கைப் பார்த்தால் தோன்றுகிறது. எந்தப் புத்தகம் சிறந்தது என்பதற்கு அதில் விடை இல்லை.

தமிழ்ப் பட்டியல்களில் அந்த இடத்தில் 'பொன்னியின் செல்வன்' இருக்கிறது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு பல பதிப்பகங்கள் பல விலைகளில் அச்சிட்டன. 2022இலும் 2023இலும் திரைப்படமாகவும் வந்துவிட்டது. இதைத் தனக்குப் பிடித்த நாவல் என்று ஒருவர் சொன்னால் எனக்கு அதில் குறையேதும் தெரியவில்லை. ஆனால் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் அவரைப் பற்றியும் தெரியாது, நாவலைப் பற்றியும் தெரியாது. அவரே, எட்டாம் வகுப்பு விடுமுறையில் அத்தை வீட்டுப் பரணில் கிடந்த, வாரா வாரம் கத்தரித்து பைண்டு செய்த தொகுதியில் மணியத்தின் ஓவியங்களோடு படித்தேன் என்று சேர்த்துச் சொன்னால் நிலைமை மாறிவிடுகிறது. இப்போது கேட்பவருக்கு ஒன்று புரியும். வாரம் ஒரு திருப்பத்தில் நிறுத்துவதற்காகக் கட்டப்பட்ட கதை அது. ஒரே மூச்சில் ஐந்து பாகத்தையும் படிக்கும் இன்றைய வாசகருக்கு இடையிடையே வரும் நீளமும் திரும்பச் சொல்லலும் எங்கிருந்து வந்தன என்பது தெளிவாகும். படிக்கும் பழக்கத்தைப் பற்றிய அந்த ஒரு வரி, பட்டியல் முழுவதையும் விட அதிகம் சொல்லிவிடுகிறது.

பட்டியல் போடுவதைப் பற்றிய சண்டை தமிழில் புதிதல்ல. க.நா.சுப்ரமண்யம் 'படித்திருக்கிறீர்களா?' என்ற தலைப்பிலேயே ஒரு நூல் எழுதியவர். தனக்குப் பிடித்த தமிழ் நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஏன் படிக்கலாம் என்று சில பக்கங்களில் சொல்வது அவர் முறை. அவர் நம்பியது ரசனையை. நல்ல வாசகர் நல்லதைக் கண்டுகொள்வார், காரணங்களை அடுக்கி நிரூபிக்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு.செல்லப்பா இதை ஏற்கவில்லை. படைப்பை வரி வரியாக அலசிக் காட்ட வேண்டும், முடிவை மட்டும் அறிவிப்பது போதாது என்றார். இலங்கையிலிருந்து க.கைலாசபதி இன்னொரு திசையில் தாக்கினார். 1968இல் வந்த அவருடைய 'தமிழ் நாவல் இலக்கியம்', சமூகமும் வரலாறும் இல்லாமல் ரசனை என்று ஒன்று தனியே மிதக்க முடியாது என்று வாதிட்டது. வெங்கட் சாமிநாதன் அந்த நூலுக்குக் கடுமையான மறுப்பு எழுதினார்.

முதல் மூவரில் செல்லப்பாவின் கோரிக்கை நியாயமானது, கைலாசபதியின் கேள்வி தவிர்க்க முடியாதது. ஆனால் நடைமுறையில் வாசகர்களைப் புத்தகத்தின் பக்கம் நடத்திச் சென்றவர் க.நா.சு.தான் என்று நான் நினைக்கிறேன். ஆர்.ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' மறந்துபோகாமல் இருப்பதற்கு அவர் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னதும் ஒரு காரணம். அவர் பட்டியல் எடுபட்டதற்கு இரண்டு காரணங்களைப் பார்க்கிறேன். பட்டியலில் இடம்பெற்ற பெயருக்குப் பின்னால் அவர் எழுதிய பக்கங்கள் இருந்தன. அத்தோடு, விற்பனையிலும் புகழிலும் கொடிகட்டிப் பறந்த எழுத்தாளர்களை வெளிப்படையாக ஒதுக்கியதற்கான விலையை அவர் கொடுத்தார். பகையைச் சம்பாதித்துக்கொண்டு சொன்ன சொல்லுக்கு எடை கூடுகிறது. இன்றைய பட்டியல்களில் இந்த இரண்டுமே அருகிவிட்டன. எல்லாரையும் சேர்த்துக்கொண்டு யாரையும் நோகவிடாத பட்டியலில் பெயர்கள் இருக்கும், தேர்வு இருக்காது.

விலை கொடுப்பது என்பதை இன்னும் பழைய நாளுக்கும் நீட்டலாம். ஓலைச்சுவடிக் காலத்தில் ஒரு நூல் பிடித்திருக்கிறது என்பதற்கு அடையாளம், அதை எழுத்தாணி கொண்டு இன்னொரு முறை எழுதிவைப்பதுதான். ஓலை செல்லரிக்கும், ஒவ்வொரு சில தலைமுறைக்கும் யாராவது மறுபடி உட்கார்ந்து எழுதியாக வேண்டும். சிறுபாணாற்றுப்படை அப்படிப் பல கைகள் எழுதி எழுதித்தான் 1889இல் உ.வே.சாமிநாதையரின் பத்துப்பாட்டுப் பதிப்புக்கு வந்து சேர்ந்தது.

ரசனையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் எச்சரிக்கையாக நிற்கிறார். திருநெல்வேலியில் அவர் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூடலைப் போல் வாசகர்கள் பிடித்ததைப் பகிர்ந்துகொண்ட இடம் இருபதாம் நூற்றாண்டுத் தமிழில் வேறொன்று இருந்ததா என்பது சந்தேகமே. ஒரே செய்யுளை மாலை முழுவதும் சுவைத்துச் சொல்வார் என்று வந்து போனவர்கள் எழுதியிருக்கிறார்கள். முத்தொள்ளாயிரத்தைப் பண்டிதர்களின் மேசையிலிருந்து பொது வாசகர் கைக்கு மாற்றியதில் அவர் பங்கு பெரியது. அதே ரசிகமணிதான் கம்பனில் தமக்குக் கவிதையாகப் படாத பாடல்களைக் கம்பன் எழுதியிருக்க முடியாது என்று தள்ளினார், சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். எனக்குப் பிடிக்கவில்லை என்பது, எனக்குப் பிடிக்காததால் அது அவனுடையதல்ல என்று ஆகிவிட்டது. இவ்வளவு நுட்பமான வாசகருக்கே இது நேர்ந்திருக்கிறது.

இது நம்மைப் பிடிக்காதவற்றின் பக்கம் கொண்டு வருகிறது. வாசகர்களின் எரிச்சல்களை அற்பமானவை என்று தள்ளுவது வழக்கம். நான் அப்படித் தள்ள மாட்டேன். நல்ல வழிகாட்டுதலில் எச்சரிக்கை ஒரு பகுதி. செங்கம் பகுதியை ஆண்ட நன்னனிடம் போக வழி சொல்லும் மலைபடுகடாத்தில் ஆபத்துகள் கொட்டிக் கிடக்கின்றன. பன்றிக்கு வைத்த பொறி, புதரில் பாம்பு, வழுக்கும் பாறை, யானையை விரட்டத் தினைப்புனக் காவலர் வீசும் கவண்கல் எல்லாவற்றையும் சொல்லி, எங்கே எப்படிக் கால் வைக்க வேண்டும் என்றும் சொல்லி, போ என்கிறது. இந்த நாவலில் முதல் எண்பது பக்கம் நகராது, அதைத் தாண்டினால் நகரும் என்று ஒரு வாசகர் எழுதுவது அந்த மரபில் வந்த சொல். கேட்பவருக்கு அது பத்துப் பாராட்டுகளை விடப் பயன்படும்.

எரிச்சல்களிலும் தரம் பிரிக்க வேண்டும். அச்சுப் பிழை, ஒற்றுப் பிழை, முதற்பதிப்பு ஆண்டு போடாத பதிப்பு, எங்கே சுருக்கினார்கள் என்று சொல்லாத சுருக்கம், அட்டையில் சம்பந்தமில்லாத படம் ஆகியவற்றின் மீது வாசகர் காட்டும் கோபம் முழுக்க நியாயமானது. நாட்டுடைமை நூல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் இந்தக் குறைகள் பெருகியிருக்கின்றன. நவீனத் தமிழ் எழுத்துக்குச் செம்பதிப்பு என்ற எண்ணமே தாமதமாகத்தான் வந்தது. 2000இல் ஆ.இரா.வேங்கடாசலபதி பதிப்பித்த புதுமைப்பித்தன் கதைகள், பாடபேதமும் முதல் வெளியீட்டு விவரமும் எவ்வளவு முக்கியம் என்று காட்டிய பிறகும் அந்த வழியில் வந்தவை சிலவே. பதிப்பாளர்கள் செவிமடுக்க வேண்டிய விமர்சனம் இந்த வாசகர் புலம்பல்களில்தான் இருக்கிறது.

வட்டார வழக்கு புரியவில்லை என்ற எரிச்சலுக்கு அதே மரியாதையைத் தர நான் தயாராக இல்லை. அதற்கான விடை மரக்காணத்துக்குத் தெற்கே, அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியில் பல ஆண்டுகள் வாழ்ந்தது. கி.ராஜநாராயணன் கரிசல் வழக்கில் கதை எழுதியதோடு நிற்காமல், அந்த வழக்குக்கு அகராதியும் தொகுத்தார். நடுநாட்டுக்கு, அதாவது இந்தக் கரையும் சேர்ந்த விழுப்புரம், கடலூர் வட்டாரப் பேச்சுக்கு, கண்மணி குணசேகரன் 2007இல் 'நடுநாட்டுச் சொல்லகராதி'யைக் கொண்டுவந்தார். எழுதுகிறவர் இவ்வளவு தூரம் வந்த பிறகு, படிக்கிறவர் ஓர் அடியாவது எடுத்து வைக்க வேண்டும்.

பிடிக்காதது எல்லை தாண்டுவதும் உண்டு. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்துத் திருச்செங்கோட்டில் அதற்கு எதிராகக் கிளம்பியவர்கள் நாவலிலிருந்து சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊரெங்கும் கொடுத்தார்கள். 2015 ஜனவரியில் எழுத்தாளர் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்காவிட்டால் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம் என்ற பொருளில் தீர்ப்புச் சொன்னது. இந்த வழக்கு திறனாய்வுக்கும் பாடம். பக்க எண்ணைக் குறிப்பிட்டு எரிச்சலைச் சொல்வது நல்லது என்று மேலே வாதிட்டேன். பக்கத்தை மட்டும் கிழித்துக் காட்டுவது அதற்கு நேர் எதிரான செயல். முழு வழியையும் நடந்தவர் சொல்லும் எச்சரிக்கைக்கும், வழியில் ஒரு முள்ளை மட்டும் எடுத்து வந்து காட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை வாசகர் சமூகம் கறாராகப் பார்க்க வேண்டும்.

இனி படிக்கும் பழக்கங்கள். காபியும் சாய்வு நாற்காலியும் மழையும் சன்னலும் சேர்ந்த படங்களோடு பகிரப்படுவதால் இது இருப்பதிலேயே எளிதான, கனமற்ற பகுதி என்று தோன்றும். எனக்கு இதுதான் ஆகக் கனமானதாகப் படுகிறது. எந்த நேரத்தில், எந்த உடல் அலுப்பில், யாருடைய பிரதியில் படித்தோம் என்பதே பாணன் சொன்ன உப்பில்லாக் கீரை. அதைச் சொல்லாத பரிந்துரை யாருக்கானது என்று தெரியாது. மரக்காணத்தையே எடுத்துக்கொள்வோம். பக்கிங்ஹாம் கால்வாய் வந்து முடியும் கரை, கழுவேலி ஏரியை ஒட்டிய கழிகள், சாலையின் இருபுறமும் உப்புப் பாத்திகள். கடல்நீரில் உப்பின் அளவு சுமார் 3.5 சதவீதம்தான். அந்த நீர் பாத்தி பாத்தியாக வெயிலில் இறுகி 25 டிகிரி போமே அடர்த்திக்கு வந்தால்தான் உப்பு படியத் தொடங்கும். வெயில் இருக்கும் மாதங்கள் முழுக்க அளத்தில் வேலை. வெயில் ஏறுமுன் வாரிக் கரையேற்ற வேண்டும் என்பதால் பொழுது விடியுமுன்பே பாத்தியில் இறங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை வந்தால் வேலை நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது பாத்திகள் வெள்ளத்தில் மூழ்கின. ஓய்வு கிடைக்கும் மாதங்களில் புத்தகத்துக்குக் காசு இருக்காது, காசு இருக்கும் மாதங்களில் கண் விழித்திருக்காது. தூங்குமுன் முப்பது பக்கம் என்ற யோசனை இங்கே செல்லுபடியாகாது. 1948இல், விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது. அந்தச் சட்டத்தின் பயன் உப்பளத்துத் தெருவுக்கு எந்த மாதத்தில், எந்த மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை இப்படிப்பட்ட பழக்கங்களின் பட்டியல்தான் சொல்ல முடியும்.

சரி, அந்தத் தெருவிலிருந்து பள்ளி முடித்த ஒரு பெண் உப்பைப் பற்றி எதைப் படிக்கலாம் என்று கேட்டால் என்ன சொல்வது? ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' என்றுதான் சொல்வேன். 1979இல் வந்த நாவல். பிடித்த புத்தகப் பட்டியல்களில் அடிக்கடி தென்படுவதில்லை. விமர்சகர்களில் பலர் ராஜம் கிருஷ்ணனின் இவ்வகை நாவல்களைக் கள ஆய்வின் விவரக் குறிப்புகள் என்று தள்ளிவைத்தார்கள். அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. தூத்துக்குடி அளங்களில் நேரில் போய்ப் பார்த்து, கேட்டு எழுதியவர் அவர். கேட்டறிந்ததை எல்லாம் சொல்லிவிட வேண்டும் என்ற பொறுப்புணர்வு சில இடங்களில் கதாபாத்திரங்களின் வாயில் பாடமாக வந்துவிடுகிறது. தொழிலாளர் உரிமை பேசப்படும் பகுதிகளில் பேசுகிறவர் முகம் மறைந்து ஆசிரியரின் குரல் கேட்கிறது. பின்பகுதியில் நிகழ்ச்சிகள் விரைந்து, முடிவு தான் போக வேண்டிய இடத்தை முன்பே அறிந்ததுபோல் நகர்கிறது.

ஆனால் பொன்னாச்சி என்ற பெண் அளத்தில் கால் வைக்கும் பகுதிகளில் உள்ள உறுதியை அந்தக் குறைகள் தொடவில்லை. உப்பு நீரில் புண்ணாகும் பாதம், வெண்மையின் கூச்சத்தில் கெடும் கண், குடிநீருக்கான தவிப்பு, கூலியைக் கையில் வைத்திருப்பவர்கள் பெண் உடலின் மீது எடுத்துக்கொள்ளும் உரிமை ஆகியவற்றை அதற்கு முன் தமிழ்ப் புனைவில் இவ்வளவு நெருங்கிச் சென்று யாரும் எழுதவில்லை. சமையலில் தினம் கை படும் ஒரு பொருளுக்குப் பின்னால் இத்தனை உடல்கள் இருக்கின்றன என்பதை அந்நாவல் விலகி நின்று அறிவிப்பதில்லை. வேலையின் வரிசையிலேயே காட்டுகிறது. 'வேருக்கு நீர்' நாவலுக்கு 1973இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர் அவர். என் கணிப்பில் அவருடைய வலிமை அந்த நாவலை விட இதில் கூடுதலாகத் தெரிகிறது. விவரம் மிகுந்த நாவல் என்பது உப்பைப் பற்றிய நாவலுக்குக் குறையாகாது. விவரம் தெரியாதவர்கள் எழுதிய உழைப்பாளர் கதைகள் தமிழில் போதுமான அளவு இருக்கின்றன.

சிறுபாணாற்றுப்படையிலும் ஓர் இடத்தில் உப்பு வண்டி வருகிறது. உமணர்களோடு வந்த மந்தி ஒன்று அவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து, கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை ஆடுகிறது. அது நடப்பது கொற்கைக் கரையில், இன்றைய தூத்துக்குடிப் பக்கம். வண்டிக்காரரின் பிள்ளைகள் பாட்டில் இருக்கிறார்கள். உப்பை விளைவித்தவரின் வீடு அந்தப் பாட்டில் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பிய நாவலைத் தமிழ் வாசகர் தம் பட்டியலில் விட்டுவிட்டது, சுவையின் தீர்ப்பு என்பதை விடப் பழக்கத்தின் தீர்ப்பு. நமக்கு நெருங்கிய தெருவைப் பற்றி நமக்கு நெருங்கியவர்கள் சொன்ன புத்தகங்களையே மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பெயர்களை மட்டும் அடுக்கும் பட்டியலுக்குத் திறனாய்வு மதிப்பு இல்லை. அது பட்டியலிட்டவரின் வயதையும் பள்ளியையும் காட்டும் ஆவணம். முழுதும் படித்தவர் இடம் சுட்டிச் சொல்லும் எரிச்சலுக்கு மதிப்பு உண்டு. பதிப்பைப் பற்றியதானால் அது விமர்சகர்கள் செய்யாமல் விட்ட வேலையும் கூட. படிக்கும் பழக்கத்தைப் பற்றிய குறிப்புகள் இவை எல்லாவற்றையும் விட மதிப்பு மிக்கவை. ஆனால் அவை இன்று நாற்காலியும் மின்விளக்கும் ஓய்வும் உள்ளவர்களின் பழக்கங்களாகவே இருப்பதால் பாதிதான் தேறும். க.நா.சு.வின் இடத்தை இவை பிடித்துவிட்டன என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அவர் செய்யாத ஒன்றைச் செய்யும் வாய்ப்பு இவற்றுக்கு இருக்கிறது. அவர் ஒரு மனிதர், ஒரு ரசனை. இங்கே பல ஊர்களின் பசியும் பல வழிகளும் எழுதப்பட முடியும்.

'கரிப்பு மணிகள்' நாட்டுடைமையான நூல். ராஜம் கிருஷ்ணன் உயிரோடு இருந்தபோதே அவர் எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியது. மரக்காணத்திலும் சுற்றியுள்ள உப்பள ஊர்களிலும் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதைப் படித்துவிட்டு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தூத்துக்குடி அளத்துக்கும் உங்கள் அளத்துக்கும் வேலையில் எங்கே வேறுபாடு, எந்தப் பக்கத்தில் ஆசிரியர் உப்பைத் தவறாகப் புரிந்துகொண்டார், எந்தப் பக்கத்தில் உங்கள் அம்மாவின் கால் தெரிந்தது, எந்த மாதத்தில் எந்த வெளிச்சத்தில் படித்தீர்கள் என்று எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றால் அதையும், எந்த இடத்தில் மூடி வைத்தீர்கள் என்ற விவரத்தோடு எழுதுங்கள்.